இணைய அரசியல் குழுக்களில் புதியவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓர் அரசியல் விவாதக் குழுவில் அண்மையில் சேர்ந்தேன். புதிய வரித் திட்டம் ஒன்றை அங்கே எல்லோரும் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரிந்துகொள்ளலாமே என்று ‘இதில் என்ன தவறு?’ என்று கேட்டேன். ‘தெரியாததுபோல் நடிக்க வேண்டாம்’, ‘உங்களை எந்த அணி அனுப்பியது?’ என்றெல்லாம் பதில்கள் வந்தன. என் பழைய பதிவு ஒன்றைத் தேடியெடுத்து ஸ்க்ரீன்ஷாட் போட்டவரும் உண்டு. மரியாதையாகக் கேட்டவருக்கு ஏன் இந்த வரவேற்பு?

பதில்: உங்கள் கேள்வியில் தவறில்லை. அதே கேள்வியை உங்களுக்கு முன்னால் கேட்டுவிட்டுப் போனவர்கள்மீது இருந்த எரிச்சலை உங்கள்மீது காட்டியிருக்கிறார்கள். ஒன்றும் அறியாதவர்போல் மிகுந்த பணிவோடு கேள்வி கேட்பது, பதில் வந்ததும் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த ஆதாரத்தைக் கேட்பது, எதிரில் இருப்பவர் சலித்துப்போய்ச் சீறும்போது ‘பாருங்கள், இவர்களுக்கு நாகரிகமாகப் பேசத் தெரியவில்லை’ என்று முடித்துவிட்டுப் போவது ஆகியவை அரசியல் குழுக்களில் நெடுநாளாகப் புழங்கும் தந்திரங்கள். 2014-இல் வெளிவந்த இணையச் சித்திரக்கதை ஒன்றில் ஒரு கடற்சிங்கம் இப்படியே விடாமல் துரத்திக் கேள்வி கேட்டதிலிருந்து, இந்தத் தந்திரத்திற்கு ‘ஸீலயனிங்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. பலமுறை சூடுபட்ட உறுப்பினர்களுக்கு ‘இதில் என்ன தவறு?’ என்ற மூன்று சொற்களை வைத்து உண்மையான கேள்வியையும் பொறியையும் பிரித்தறிய வழியில்லை.

ஆகவே, பிரித்தறிவதற்கான அடையாளத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘திட்டத்தின் வரைவைப் படித்தேன், சிறு வணிகர்களுக்கு விலக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. அவர்களும் பாதிக்கப்படுவார்கள் என்று நேற்றைய விவாத இழையில் எழுதியிருந்தீர்கள். எந்த வகையில் என்று விளக்க முடியுமா?’ என்று கேட்டிருந்தால், நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதும், எந்த இடத்தில் ஐயம் என்பதும், பதில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்பதும் ஒருசேரத் தெரிந்திருக்கும். பதில் வந்தபின் ‘இந்தப் பகுதி புரிந்தது, அந்தப் பகுதியில் எனக்கு உடன்பாடில்லை’ என்று ஒரு வரி எழுதுவது அதைவிட முக்கியம். கேள்வியோடு மறைந்துவிடுபவர்களைத்தான் குழுக்கள் ட்ரோல், அதாவது வேண்டுமென்றே வம்பு வளர்ப்பவர், பட்டியலில் சேர்க்கின்றன.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1980-இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினி வலையமைப்பின் விவாதக் குழுக்களுக்கு, கல்லூரி ஆண்டு தொடங்கும் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய மாணவர்கள் வருவார்கள். சில வாரங்கள் தடுமாறிவிட்டு, பழையவர்களிடம் குட்டுப்பட்டு, வழக்கங்களைக் கற்றுக்கொள்வார்கள். 1993-94 காலத்தில் வணிக இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டபின் புதியவர்களின் வரவு நிற்கவே இல்லை. அதை ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டார்கள். 1995 அக்டோபரில் வெளிவந்த ‘ஆர்எஃப்சி 1855’ என்ற இணைய நடத்தை வழிகாட்டி, எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதங்கள் குழுவைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னது. இன்றைய வேகத்திற்கு அது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் சண்டை நடக்கும் வாரத்தில் ஒரு குழுவைப் படிப்பதும் அமைதியான வாரத்தில் படிப்பதும் வேறுவேறு என்பதால், இரண்டையும் பார்த்துவிடும் அளவுக்காவது காத்திருப்பது நல்லது.

பழைய பதிவைத் தோண்டியெடுத்தவருக்கு மட்டும் நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. அது மிரட்டல், குழுவை நிர்வகிக்கும் மாடரேட்டருக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: குழுவில் புழங்கும் பட்டப்பெயர்களும் சுருக்கெழுத்துகளும் குறியீடுகளும் எனக்குப் பாதிக்குமேல் புரிவதில்லை. எல்லோரும் எழுதுவதைப் பார்த்து நானும் எழுதிப் பழகலாமா?

பதில்: புரிந்துகொள்ளும் வரை பழகுங்கள், எழுதுவதற்கு அவசரம் வேண்டாம். அரசியல் குழுவில் ஒரு பட்டப்பெயர் யாரைக் குறிக்கிறது என்பதை ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். அதை எந்தத் தொனியில், யார் சொன்னால் சிரிப்பார்கள், யார் சொன்னால் நீக்குவார்கள் என்பது தெரியத்தான் காலம் பிடிக்கும். ‘அப்போது எங்கே போயிருந்தீர்கள்?’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது கேள்வி. அங்கே அதற்கு யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை, பேச்சை வேறொருவரின் பழைய குற்றத்தின் பக்கம் திருப்பவே அது பயன்படுகிறது. அதற்கு நேர்மையாகப் பதில் எழுதத் தொடங்கும் புதியவர் அரைநாளை இழப்பார்.

பொருள் தெரியாமல் குறியீட்டை நகலெடுப்பதில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஒருவரின் பெயரை இருபுறமும் மும்மூன்று அடைப்புக்குறிகளுக்குள் எழுதும் வழக்கம் வெறும் அலங்காரமாகத் தோன்றக்கூடும். யூதர்களை அடையாளம் காட்டிக் குறிவைப்பதற்காக வெறுப்புக் குழுக்கள் பயன்படுத்திய குறியீடு அது என்பது 2016-இல் பரவலாக வெளிச்சத்திற்கு வந்தது. அதன்பிறகு யூதர்கள் பலர் எதிர்ப்பாகத் தம் பெயரையே அவ்வாறு எழுதிக்கொண்டார்கள். ஒரே குறி, எழுதுபவரைப் பொறுத்து வசையாகவும் வசைக்கு மறுப்பாகவும் இருந்தது. இடையில் புகுந்து விளையாட்டாகப் போட்டவரை யாரும் அப்பாவி என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

குழுவின் முகப்பில் ஒட்டிவைத்திருக்கும் விதிகளைப் படியுங்கள்; கூடவே, எந்தப் பதிவுகள் நீக்கப்படுகின்றன என்றும் கவனியுங்கள். எழுதப்படாத விதிகள் அங்கேதான் தெரியவரும்.

கேள்வி: ஓராண்டில் அந்தக் குழுவின் மொழி எனக்கு நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் வெளியில் இருக்கும் நண்பர்கள், நான் முன்பைவிடக் கடுமையாகப் பேசுகிறேன் என்கிறார்கள். மொழியைக் கற்றுக்கொண்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு என்றே நினைக்கிறேன். 2005-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தாராளவாதிகள் மிகுந்த போல்டர் நகரத்தவரையும் பழமைவாதிகள் மிகுந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தவரையும் தனித்தனியே சிறு குழுக்களாக அமர்த்திப் பருவநிலை ஒப்பந்தம் போன்ற பொருள்களை விவாதிக்கச் செய்தார்கள். விவாதத்திற்குப்பின் இரு நகரத்தவரும் தத்தம் திசையில் மேலும் கடுமையானார்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் முன்பு இருந்த கருத்து வேறுபாடுகள் சுருங்கிவிட்டன. ஒத்த கருத்துடையவர்கள் ஒருமுறை கூடிப் பேசியதற்கே இந்த விளைவு. நீங்களோ ஓராண்டாக அங்கே இருக்கிறீர்கள்.

பட்டப்பெயரோடு அதன் தீர்ப்பும் சேர்ந்தே வருகிறது. ஒரு தலைவரை அவர் பெயரால் சொல்லாமல் எப்போதும் கேலிப்பெயரால் மட்டுமே சொல்லிப் பழகியவருக்கு, அந்தத் தலைவர் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றி ஒரு முழு வாக்கியம் எழுதுவது கடினமாகிவிடும். முயன்று பாருங்கள்: எதிரணியின் வாதம் ஒன்றை, அந்த அணிக்காரர் படித்தால் ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் சொற்களில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எழுத முடிந்தால் உங்கள் கடுமை வெறும் நடையோடு நிற்கிறது. முடியாவிட்டால் சில வாரங்கள் விலகியிருந்து வேறு இடங்களில் படிப்பது உதவும். எல்லாக் குழுக்களும் ஒரே அச்சு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் ரெடிட் என்ற விவாத இணையதளத்தில் தொடங்கிய ‘சேஞ்ச் மை வியூ’ குழுவில், தம் கருத்தை மாறவைத்தவருக்கு ‘டெல்டா’ என்ற குறியைப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். மனம் மாறியதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அங்கே அவமானம் அன்று.

கேள்வி: நையாண்டியாக ஒரு பதிவு எழுதினேன். என் அணியினரே என்னை எதிரணி என்று எண்ணித் திட்டிவிட்டார்கள். நையாண்டியே எழுதக் கூடாதா?

பதில்: எழுதலாம். ஆனால் வெளிப்படையான குறிப்பு இல்லாவிட்டால், தீவிரக் கருத்தையும் அதன் நையாண்டியையும் வேறுபடுத்த இயலாது என்று 2005-இல் நேதன் போ என்பவர் ஒரு மதவிவாதக் குழுவில் எழுதியது, அவர் பெயராலேயே ஒரு விதியாக இன்றும் சுட்டப்படுகிறது. பழைய உறுப்பினரின் நையாண்டி புரிவதற்குக் காரணம், அவர் உண்மையில் என்ன நினைப்பவர் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதுதான். உங்களுக்கு அந்தப் பின்னணி இன்னும் உருவாகவில்லை. உங்கள் நேரடியான கருத்துகள் சிலகாலம் அங்கே பதிவாகட்டும். அதன்பின் நையாண்டி எழுதும்போதும், யாராவது அதை மட்டும் வெட்டியெடுத்து வேறிடத்தில் போட்டால் என்ன பொருள்படும் என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.