கையை எடுத்ததும் அணைகிற சுடர்

கேள்வி: ஜூன் விடுமுறையில் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீடு. வாசல் பக்கம் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கேஸ் சிலிண்டர்கள் நிற்கும். கூடத்தில் கேஸ் கணப்பு. போன வருடம் அதன் பைலட் சுடர் (கணப்பை மூட்டுகிற சின்னச் சுடர்) பற்றும், குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடும். மருமகன் விடாமல் ஏழெட்டு முறை பற்றவைத்தார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எப்படித்தான் பற்றவைப்பது ஐயா?
- ஈசூன் வாசகி

பதில்: அடிவயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது அம்மா. மருமகனின் விடாமுயற்சி வேறு எதற்காவது பயன்படட்டும்.

பைலட் சுடரை ஒட்டிப் பென்சில் முனை போல ஓர் உலோகக் குச்சி இருக்கும். தெர்மோகப்பிள் என்போம். அதன் நுனி சுட்டால் 30 மில்லிவோல்ட் அளவுக்கு மின்சாரம் பிறக்கும். ஒரு சின்ன விளக்கைக்கூட எரியவைக்காத மின்சாரம்தான். ஆனால் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும் காந்தத்துக்கு அது போதும். நுனி சூடேறும்வரை காந்தத்தின் வேலையை உங்கள் விரல் செய்கிறது. ஆகவே சுடர் பற்றிய பிறகும் குமிழை அமுக்கியபடியே மனத்துக்குள் 60 எண்ணுங்கள். பிறகு மெதுவாக விடுங்கள்.

அதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. குமிழை அணைப்பு நிலைக்குத் திருப்பிவிட்டு 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு குனிந்து, தரையோடு தரையாக முகர்ந்து பாருங்கள். நம் சிங்கப்பூர்க் குழாய் கேஸில் ஹைட்ரஜன் மிகுதி, மேலே எழும்பிவிடும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வாடை வந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லாரும் வெளியேறி, சிலிண்டரை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் அதே 5 நிமிடம்.

காலாங் கேஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் பழகுநன். தோ பாயோவில் ஒரு வீட்டு வெந்நீர்ச் சாதனத்தை, அணைந்த கையோடு மறுபடி பற்றவைத்தேன். 'டப்' என்றது. கோழி இறகு பொசுங்கும் வாடை. என் இடது புருவம்தான். அந்த வீட்டுப் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார். இன்றும் அந்தப் புருவம் சற்று அடர்த்தி குறைவு.

60 எண்ணியும் மூன்று முறை அணைந்தால் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம், அல்லது பைலட் துளையில் தூசி அடைத்திருக்கலாம். அது உரிமம் பெற்ற கேஸ் தொழிலாளியின் வேலை. குமிழ் இறுகியிருந்தால் குறடு போட்டுத் திருப்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கணப்பு எரியும்போது சமையலறையில் மீன் பொரிக்கப் புகை உறிஞ்சும் விசிறியைப் போடாதீர்கள். சில வகைக் கணப்புகளில் புகைபோக்கி வழியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை அந்த விசிறி வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும். அதற்கு வாடையே கிடையாது. தலைவலி, குமட்டல் என்றுதான் தெரியும். பைலட் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலும் கணப்பை அணைத்துவிடுங்கள்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வாடகை வீட்டுக் கேஸ் சாதனங்களை ஈராண்டுக்கு ஒருமுறை சோதிக்க வைப்பது வீட்டுக்காரரின் கடமை. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று மகளை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் விமானம் ஏறுவதற்குள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.