காலையில் மட்டும் தலைவலி, வாந்தி: பித்தம் என்று விட்டுவிடலாமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி என்று அழுகிறான், வாந்தி எடுக்கிறான். அப்புறம் சரியாகிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். பித்தத்துக்கு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. ஸ்கூலுக்குப் பயந்து நடிக்கிறான் என்கிறார் மாமியார்."

நாளைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. குழந்தைகளின் தலைவலி பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். ஆனால் காலையில் வந்து, வாந்தி எடுத்ததும் குறைகிற தலைவலியை நான் ஒருபோதும் வயிற்றுக் கோளாறு என்று தள்ளமாட்டேன். மண்டைக்குள் கட்டியோ, நீர்த்தேக்கமோ, காசநோய் மூளைக்காய்ச்சலோ இருந்தால் அங்கே அழுத்தம் ஏறும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது அது இன்னும் கூடும். எழுந்து நடமாடினால் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் பத்து மணிக்குப் பையன் நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானா என்று யோசித்துப் பாருங்கள். லீவு நாளிலும் வந்தால் அது நடிப்பில்லை.

இன்றைக்கே அவனை நடக்கவிட்டுப் பாருங்கள். தள்ளாடுகிறானா, சுவரைப் பிடிக்கிறானா? தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறானா? புதிதாக மாறுகண், ஒன்று இரண்டாகத் தெரிவது உண்டா? பார்த்ததை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம் இல்லையென்றாலும் மூளை ஸ்கேன் வேண்டாம் என்று ஆகிவிடாது. (கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைப்பது, தலை வேகமாகப் பெரிதாவது, கண்கள் கீழ்நோக்கியே நிற்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.)

எழுப்பினாலும் தூங்கி வழிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) மட்டும் பெரிதானாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே 108. வண்டி வரும்வரை தலைப்பக்கத்தை முப்பது டிகிரி உயர்த்தி, கழுத்து மடங்காமல் நேராக வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சோர்ந்த பிள்ளைக்கு "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். உப்பில்லாத அந்த டிரிப் மூளை வீக்கத்தைக் கூட்டிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு நேர்மாறாக, மூளையிலிருந்து நீரை இழுக்கும் மானிட்டால் அல்லது மூன்று சதவீத உப்புநீர் கொடுப்பார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பலாம். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் நாளைக்கே கையோடு கொண்டு போங்கள்.