கழுத்து வலிக்கு கரண்ட்டா, இழுவையா, உடற்பயிற்சியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 12 வருடமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறேன். வயது 46. மூன்று மாதமாகக் கழுத்தின் வலது பக்கம் வலி, தோள்பட்டை வரை இழுக்கிறது, கைக்கு இறங்கவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். அரசாங்க மருத்துவமனையில் பிசியோவுக்கு மாதம் ஒரு தேதிதான் கிடைக்கிறது. டவுனில் ஒரு சென்டரில் கரண்ட், கழுத்தை இழுக்கும் மெஷின் எல்லாம் சேர்த்துப் பத்து தடவைக்கு 900 ரிங்கிட் கேட்கிறார்கள். மச்சான், முடிவெட்டும் கடையில் ஒரு திருப்பு திருப்பினால் போதும் என்கிறார். எதற்குப் போவது?

அண்ணே, 900 ரிங்கிட்டை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். அந்த மாதம் ஒரு தேதியையும் விட்டுவிடாதீர்கள், அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய உதவி.

முதலில் தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தால், வலியே இல்லாத பலருடைய கழுத்திலும் அது தெரியும். உங்கள் வலிக்கு எனக்குத் தெரியும் பெரிய காரணம் வேலைதான். என் அப்பா பால்மரம் வெட்டியவர், நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார், அவருக்கு இடுப்புதான் போனது. நீங்கள் அண்ணாந்தே இருப்பவர். ஐந்து கிலோ அளவுள்ள தலையைப் பின்னால் சாய்த்து, நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கி, அப்படியே இழுத்து வெட்டுகிறீர்கள். கழுத்தின் பின்பக்கத் தசை விறைத்துக்கொண்டே போகிறது, முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகள் வேலை செய்ய மறந்துவிடுகின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு சென்டர்காரர்கள் சொன்னதைப் பார்ப்போம். கரண்ட் வைப்பது வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், அதற்கு மேல் நம்பும்படியான ஆதாரம் கழுத்து வலியில் இல்லை. ஒலியலைக் கருவியை வலிக்கும் இடத்தில் வைத்துத் தேய்க்கும் அல்ட்ராசவுண்டும் அப்படித்தான். சூடு ஒத்தடம் சுகமாக இருக்கும், ஆனால் அதை அண்ணி வீட்டிலேயே வெந்நீர்ப் பையில் வைத்துவிடலாமே! இழுவை மெஷின் வேறு கதை. கழுத்து நரம்பு நசுங்கி, வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல் மரத்துப்போகிறவர்களில் சிலருக்கு, உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் இருக்கிறது. உங்களுக்கு வலி தோளோடு நின்றுவிடுகிறது, அதனால் இழுவைக்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

பிசியோ தன் கையால் மூட்டை மெதுவாக அசைத்து விடுவது நல்ல சிகிச்சை, பலருக்குக் கழுத்து அன்றைக்கே கொஞ்சம் திரும்பும். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் அந்த இளக்கம் நிற்காது, அப்போதே உடற்பயிற்சி சேர வேண்டும். அமெரிக்காவில் 272 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரு கூட்டத்துக்குக் கழுத்தை அசைத்துவிடும் சிகிச்சை 12 வாரம், இன்னொரு கூட்டத்துக்கு மருந்து, மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டே தடவை உட்காரவைத்து வீட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு தடவை மட்டும் வந்து போனவர்கள், 12 வாரம் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே தேறினார்கள். மாதம் ஒரு தேதி போதுமா என்ற உங்கள் கவலைக்கு இதுதான் என் பதில்: பயிற்சியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்து தினமும் செய்தால் போதும்.

எந்தப் பயிற்சி? மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ஆமாம் என்று மெல்லத் தலையாட்டுவது போல நாடியை, அதாவது முகவாயை, உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை, காலை ஒன்று இரவு ஒன்று. முன்கழுத்து நடுங்கினால் அழுத்தம் அதிகம், குறையுங்கள். ஒரு வாரம் கழித்து, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, இரண்டு தோள் எலும்பும் பின்னால் சேரும்படி இழுங்கள். சும்மா கழுத்தை அப்படி இப்படி வளைத்து நீட்டுவது மட்டும் போதாது. ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 அலுவலகப் பெண்களை ஒரு வருடம் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், எடையும் ரப்பர் பட்டையும் வைத்துத் தசையைப் பலப்படுத்தியவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். ஆறு வாரமாவது செய்துவிட்டு அப்புறம் பலன் பாருங்கள், முதல் வாரத்தில் கொஞ்சம் வலி கூடினாலும் பயப்பட வேண்டாம்.

வேலையில், மரத்தடியில் ஒட்டி நிற்காமல் கம்பு எட்டும் மட்டும் தள்ளி நின்று வெட்டுங்கள், தலை அவ்வளவு சாயாது. குலை விழுந்ததும் அடுத்த மரத்துக்கு ஓடாமல் நாடியை இரண்டு தடவை உள்ளே இழுத்து விடுங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேசி, பாதி நாள் வெட்டவும் பாதி நாள் குலை தூக்கவும் ஆளை மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது.

மச்சான் சொன்ன முடிவெட்டும் கடை மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புக்குள் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஏறுகிறது. திடீரென்று திருப்பினால் அது கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். எப்போதாவது தனியார் பிசியோவிடம் போவதாக இருந்தால், பிசியோ போன்ற துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான மலேசியாவின் 2016ஆம் ஆண்டு 774ஆம் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பிசியோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரல் மரத்துப்போக ஆரம்பித்தால் டாக்டரை மறுபடி பாருங்கள், அப்போது இழுவையைப் பற்றியும் பேசலாம். அடுத்த தேதிக்குப் போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பயிற்சி சொல்லிக்கொடுப்பதை அவர் உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துவிடட்டும்.