கோவைக்குக் குடிவரும் முன் ஏப்ரலிலும் ஜூலையிலும் வந்து பாருங்கள்

சென்னைப் புழுக்கம் தாங்காமல் பெற்றோரைக் கோவைக்குக் குடிவைக்க நினைக்கிறீர்கள். டிசம்பரில் பார்த்த குளிர் வருடம் முழுக்க இருக்குமா என்கிறீர்கள். இருக்காது. மார்ச், ஏப்ரலில் பகலில் 36 டிகிரி சாதாரணம். ஆனால் ஊர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், கடலும் பக்கத்தில் இல்லை. காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் வியர்வை சீக்கிரம் காயும், இரவில் வீடு ஆறும். சென்னையில் இதுதான் நடப்பதில்லை.

என்னைக் கேட்டால் கோவையின் அருமை ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே ஊருக்குள் வரும். மழையில் பெரும்பங்கு கேரளத்திலேயே கொட்டிவிடும். நமக்குக் குளிர்ந்த காற்றும் சாரலும் மிச்சம். அம்மாவுக்கு வீசிங் இருப்பதாகச் சொன்னீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். அதே காற்று புழுதியையும் வாரிக்கொண்டு வரும். மண்சாலையோ காலிமனையோ மேற்கே இருக்கும் வீடு வேண்டவே வேண்டாம். அம்மாவின் படுக்கையறை கிழக்குப் பக்கம் இருக்கட்டும். கதவுகள் படாரென்று அடித்துக்கொள்ளும், எல்லாவற்றுக்கும் ஸ்டாப்பர் போடுங்கள்.

வடவள்ளி, பேரூர் பக்கம் மலை அருகில், கொஞ்சம் குளிர்ச்சி. கிழக்கே சூலூர் பக்கம் வெயில் கூடுதல். மேல்மாடி வீடென்றால் மொட்டைமாடியில் வெள்ளை கூல் டைல்ஸ் பதித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சொந்தமாக வாங்குவதை ஒரு வருடம் தள்ளிவைத்து, முதலில் வாடகைக்கு வாருங்கள்.