மைக் வந்தால் எந்தப் பாட்டு? நாற்பது தாண்டியவர்களுக்கு ஜப்பானியக் கராஓகே

கேள்வி: எனக்கு 47 வயது. கணவரின் வேலைக்காக வந்து ஆறு வருடமாக டோக்கியோவில், நிஷி கசாயில் இருக்கிறோம். ஒரு பென்தோ (டப்பா சாப்பாடு) கடையில் பகுதி நேரம் வேலை செய்கிறேன். கூட இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. டிசம்பரில் போனென்காய் என்ற ஆண்டிறுதி விருந்து முடிந்ததும் கராஓகேக்குப் போவார்கள். மைக் என் பக்கம் வரும்போதெல்லாம் கழிவறைக்குப் போய்விடுகிறேன். சின்ன வயதில் நான்கு வருடம் பாட்டு கற்றிருக்கிறேன். இப்போது மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. ஹிராகானா என்ற ஒலியெழுத்து படிப்பேன், காஞ்சி என்ற சீன எழுத்து அவ்வளவாக வராது. எனக்கேற்ற பாட்டு சொல்லுங்களேன்.

பதில்: முதலில் குரல் விஷயம். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஹார்மோன்கள் மாறும்போது பல பெண்களுக்குக் குரல் கொஞ்சம் கனத்து இறங்கும். உங்களோடு வருகிறவர்களுக்கும் அதே கதைதான். அவர்கள் கையை அடுத்த முறை கவனியுங்கள். பாட்டு தொடங்கியதும் ரிமோட்டில் கீ பொத்தானை இரண்டு மூன்று தட்டு கீழே இறக்கியிருப்பார்கள். ஒரு தட்டு என்பது அரைச் சுரம். நம் கணக்கில் இரண்டு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறங்குவது. பாட்டு வகுப்பில் சுருதிப் பெட்டியைத் திருகியிருப்பீர்களே, அதேதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காஞ்சியைப் பற்றியும் கவலை வேண்டாம். திரையில் காஞ்சிக்கு மேலே சின்ன ஹிராகானாவில் உச்சரிப்பு ஓடும். உண்மையான சிக்கல் வேகம். இன்றைய ஹிட் பாட்டுகளில் ஒரு தாளத்துக்குள் அத்தனை சொற்களை அடைத்திருக்கிறார்கள்; கண் படிப்பதற்குள் வரி போய்விடும். அதனால் பாட்டு பிரபலமானதா என்று பார்க்காதீர்கள். சொல் நெருக்கம் குறைவா, உச்ச சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

இந்தக் கணக்கில் உங்களுக்கு முதல் பாட்டு ‘இத்தோ’. நாகாஜிமா மியூகி எழுதி, இசையமைத்து, 1992இல் பாடியது. பல பேர் மறுபடி பாடியிருக்கிறார்கள், கல்யாணங்களில் கேட்கலாம், உங்கள் கடைப் பெண்களில் ஒருவருக்காவது தெரியாமல் இருக்காது. ‘இத்தோ’ என்றால் நூல். ‘தத்தே’ நெடுக்கு, ‘யோகோ’ குறுக்கு: நீ பாவு, நான் ஊடை என்று போகும் பாட்டு. நெசவு ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொடக்கம் கிட்டத்தட்ட பேசுகிற குரலிலேயே இருக்கும். பல்லவி மாதிரி வரும் இடத்தில் (ஜப்பானியர்கள் அதை ‘சபி’ என்பார்கள்) கொஞ்சம் ஏறும், ஆனால் கத்த வேண்டியதில்லை. அசல் கீயில் ஒரு தடவை பாடிப் பாருங்கள். சபியில் தொண்டை இறுகினால் இரண்டு தட்டு இறக்குங்கள்.

அப்புறம் தெரெசா தெங். தைவான்காரர். ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு பாடியவர் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிப்பார். நம்மைப் போன்றவர்களுக்கு அவரைவிட நல்ல உச்சரிப்பு வாத்தியார் கிடையாது. 1986இல் வந்த ‘தோகி நோ நாகாரே நி மி ஓ மகாசே’யைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய ‘ஐஜின்’ இதைவிடக்கூட எளிதுதான். ஆனால் ஐஜின் என்றால் திருமணத்துக்கு வெளியே உள்ள காதலி. முதல் தடவையே அதைப் பாடினால் மேலாளர் புருவத்தை உயர்த்துவார். எந்தப் பாட்டானாலும் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு பாடுங்கள்.

இனி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு பலம். ஜப்பானிய மொழி முழுக்க மாத்திரைக் கணக்கில் நடக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம் இலக்கணம் போலவே. ‘யுகி’ என்றால் பனி, ‘யூகி’ என்றால் துணிச்சல். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. நம் வயதில் இதைக் குழப்பக் கூடாது! ஒரு வித்தியாசம், நமக்கு ஒற்றெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கோ சொல் நடுவில் வரும் ‘ன்’ ஒரு முழு மாத்திரை. அதற்கென்று தனி சுரமே கொடுத்திருப்பார்கள். அதை விழுங்கிவிட்டால் அடுத்த சொல் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடும். புதிதாகப் பாடுகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் பயிற்சிக்கு வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதாதீர்கள், தமிழில் எழுதுங்கள். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் தமிழ் எழுத்தில் பளிச்சென்று நிற்கும். ஒரு குறை உண்டு: ‘கா’ என்று எழுதினால் ‘காகம்’ சொல்லில் வரும் முதல் காவா, இரண்டாவது கவா என்று தெரியாது. மெலிந்து ஒலிக்கும் எழுத்துக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

பாட்டு கற்ற உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எங்கா என்ற மரபுச் சாயல் பாட்டுகளிலும் பழைய மெல்லிசையிலும் ‘யோனாநுகி’ என்று ஒரு சுர வரிசை அடிக்கடி வரும். நான்காவது, ஏழாவது சுரங்களை நீக்கியது. அதன் மேஜர் வடிவம் ஸ ரி க ப த. ஆமாம், நம் மோகன ராகம்! சென் மாசாவோ 1977இல் பாடிய ‘கித்தாகுனி நோ ஹரு’ அப்படிப்பட்டது. ஆண் பாட்டாயிற்றே என்று தயங்க வேண்டாம், கீயை உங்கள் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு முறை கேட்டால் மெட்டு மனதில் உட்கார்ந்துவிடும். ஆனால் மோகனம் என்றதும் கமகத்தை அவிழ்த்து விடாதீர்கள். எங்காவில் ‘கொபுஷி’ என்று ஒரு அசைவு உண்டு. அது சட்டென்று ஒரு சுழற்சி, அவ்வளவுதான்.

இப்போதைக்கு விலக்க வேண்டியவை: எல்லாரும் சிபாரிசு செய்யும் ‘நாதா சோசோ’. மெதுவான பாட்டு என்பதால் எளிது போலத் தெரியும், ஆனால் நீண்ட வரிகளுக்கு மூச்சு போதாது. பாடகி மிசோரா ஹிபாரியின் ‘காவா நோ நாகாரே நோ யோ நி’ ஆழத்தில் தொடங்கி உச்சிக்குப் போகும். 1989 ஜனவரியில் அது வந்தது, ஜூனில் அவர் 52 வயதில் மறைந்தார். அதைக் கேட்டால் கண் கலங்குகிறவர்கள் இன்றும் உண்டு. நன்றாகப் பழகிய பிறகு தொடலாம். ‘அமாகி கோயே’ என்ற கடினமான எங்கா பாட்டை அதில் கைதேர்ந்த அக்காமார்களுக்கே விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு வார நாளில் பகல் நேரம் போங்கள், வாடகை குறைவு. தனியாகப் போய்ப் பாடுவது அங்கே சகஜம், ‘ஹிதோகரா’ என்று பெயரே இருக்கிறது. பாட வேண்டிய மெட்டைக் கூடவே வாசித்துக் காட்டும் கைடு மெலடி ஒலியை முதலில் கூட்டி வையுங்கள். மூன்றாவது தடவை குறைத்துவிடுங்கள். எந்தக் கீ ஒத்துவந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள், ‘இத்தோ, மைனஸ் 2’ என்று. விருந்தன்று ரிமோட்டில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் கீயையும் வைத்துவிடலாம்.

அன்றைக்கு முதல் ஆளாகவும் பாடாதீர்கள், கடைசி ஆளாகவும் வேண்டாம். மூன்று நான்கு பேர் பாடி, அறை கொஞ்சம் சத்தமாகிவிட்ட பிறகு ‘இத்தோ’வைப் போடுங்கள். முடிந்ததும் கைதட்டிவிட்டு இன்னொன்று என்பார்கள். அதற்குத்தான் அந்த மோகனப் பாட்டு, ‘கித்தாகுனி நோ ஹரு’.