ஹால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல் தெரிந்தால்

10க்கு 16 அடி ஹாலில் சோபா, டிவி, உயரமான ஷோகேஸ் எல்லாம் ஒரே பக்கம், எதிர்ச்சுவர் வெறிச்சென்று இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக ஃபர்னிச்சர் எதுவும் வாங்காதீர்கள். முதலில் ஷோகேஸை எதிர்ச்சுவருக்கு நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாகத் தெரிவது பாதி குறையும். நடைவழிக்கு இரண்டரை அடி விடுங்கள்.

சோபாவுக்கு மேலே மாட்டிய படம் சின்னதாக இருப்பதுதான் அடுத்த சிக்கல். சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் வேண்டும். ஏழடி சோபாவுக்கு சுமார் 56 அங்குலம். இருக்கிற மூன்று சிறு படங்களை இரண்டு அங்குல இடைவெளியில் சேர்த்து மாட்டினாலும் ஒரே படமாகத் தெரியும். சோபா முதுகுக்கு மேல் எட்டு அங்குலத்தைத் தாண்டினால் படம் தனியாக மிதக்கும். கார்ப்பெட்டின் மேல் சோபாவின் முன்கால்களாவது நிற்கட்டும்.

வெள்ளை டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிவதால்தான் சுவர் நிறம் இடத்துக்கு இடம் மாறித் தெரிகிறது. எல்லா விளக்கையும் 4000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; இது வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே) மாற்றுங்கள்.