'மூளை வளர்ச்சி' வீடியோவுக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 3 மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். 'குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு' என்று ஒரு வீடியோ ஆப் விளம்பரம் அடிக்கடி வருகிறது. முதல் 7 நாள் இலவசம், பிறகு வருடத்துக்கு 2,499 ரூபாய். வாங்கலாமா, இல்லை யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதே போதுமா? நல்ல நிகழ்ச்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஆண்டுச் சந்தா இப்போது வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதிலேயே நல்லதைத் தேடிப் பிடிக்கலாம்.

முதலில் அந்த விளம்பர வாசகம். 'கல்வி', 'மூளை வளர்ச்சி' என்ற சொற்களை யாரும் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தித் தருவதில்லை. ஓடிடி தளங்களில் மத்திய அரசின் 2021 விதிகளின்படி 'யு', 'யு/ஏ 7+' என்று வயதுக் குறி இருக்கும். எல்லா வயதினரும் பார்க்கத் தகுந்தது என்பதோடு 'யு' நின்றுவிடுகிறது. 2 வயதுக் குழந்தைக்குப் புரியுமா, எதையாவது கற்றுக்கொடுக்குமா என்பதெல்லாம் அந்தக் குறியில் வராது.

அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டீன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் சக்கைப்போடு போட்டன. 2001-இல் டிஸ்னி நிறுவனம் அதை வாங்கியது. கல்விப் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு நுகர்வோர் அமைப்பு 2006-இல் அரசின் வர்த்தக ஆணையத்திடம் புகார் செய்தது. 2009-இல், டிவிடி வாங்கியவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஒரு டிவிடிக்கு 15.99 டாலர், நான்கு டிவிடி வரை. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலைமை.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் இருக்கின்றன. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தில், தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லாமல் 'அறிவுத்திறன் கூடும்' என்று சொல்லக் கூடாது. எந்த ஆய்வை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த ஆப் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். குழந்தை தூங்கும் நேரத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குக் காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 4 வயதுக் குழந்தைகள் ஒன்பதே நிமிடம் வேகமான கார்ட்டூன் பார்த்தார்கள். அதில் சராசரியாக 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி முழுதாக மாறியது. பார்த்து முடித்தவுடன் வைத்த சோதனைகளில், பொறுமையாக இருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்றவற்றில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். 34 விநாடிக்கு ஒருமுறை மாறும் நிதானமான நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் அந்தப் பின்னடைவு இல்லை. கண் சிமிட்டுவதற்குள் படம் தாவும் பாட்டு வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பளபளப்பாக இருந்தாலும் அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, திரையில் இருப்பவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். 1996-இல் தொடங்கிய 'புளூஸ் குளூஸ்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் கேட்டுவிட்டு நிறுத்துவார்கள், வீட்டிலிருக்கும் குழந்தை பதில் சொல்லும். ஒரே பகுதியைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த குழந்தைகள் அதிகம் புரிந்துகொண்டார்கள் என்று ஆய்வில் தெரிந்தது. அதனால் நூறு வீடியோ தேவையில்லை. நல்லதாக நாலைந்து போதும், அதையே மறுபடி மறுபடி போடுங்கள். '1,000 வீடியோக்கள்' என்று ஆப்காரர்கள் சொல்லும் பெருமையால் உங்கள் மகளுக்கு ஒரு லாபமும் இல்லை.

மொழி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. ஆங்கிலம் வரட்டும் என்று ஆங்கில வீடியோவாகப் போடாதீர்கள். மாமியார் என்ன மொழியில் அவளோடு பேசுகிறாரோ அந்த மொழியில் இருக்கட்டும். அப்போதுதான் திரையில் பார்த்த வாளியைக் குளியலறையில் காட்டி, "இதோ பாரு வாளி" என்று அவரால் தொடர முடியும். டப்பிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே வேகம் பிடிபடவில்லை என்றால் அவளுக்கு எப்படிப் பிடிபடும்? தமிழில் வரும் குழந்தைகள் சேனல்களில் பெரும்பாலும் பெரிய பிள்ளைகளுக்கான டப்பிங் கார்ட்டூன்தான். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி பள்ளி மாணவர்களுக்கானது.

மாமியாரும் பக்கத்தில் உட்காருவது அவசியம், அதற்குக் காரணம் உண்டு. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதை 2 வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த குழந்தைகள் போய் எடுத்துவிட்டார்கள். அதே காட்சியை டிவியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் திணறினார்கள். திரையில் கண்டதை நிஜத்தோடு சேர்த்துப் பார்ப்பது இந்த வயதில் தானாக வராது, பக்கத்தில் இருப்பவர்தான் சேர்த்துவிட வேண்டும்.

நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இந்த வயதுக்குச் சொல்லும் உச்ச வரம்பு அது. குறைந்தால் இன்னும் நல்லது. கையில் போனைக் கொடுக்காமல் டிவியில் போடுங்கள், அவளால் தள்ளித் தள்ளி வேறொன்றுக்குப் போக முடியாது. யூடியூப் கிட்ஸ் ஆப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் வசதியும் டைமரும் உண்டு. தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்தி வையுங்கள்.

அந்த 7 நாள் இலவசத்தைச் சோதித்துத்தான் பார்ப்பேன் என்றால், சேர்ந்த அன்றே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் இலவச நாட்கள் முடியும்வரை பார்க்கலாம். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற இடத்துக்கோ, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்கோ போய் நிறுத்த வேண்டும். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸைக் கவனியுங்கள். ரத்து செய்ய முடியாதபடி சுற்றலில் விடுவது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்ட தந்திரம். அதற்கும் 1915-தான்.

கேள்வி: பேரன் கூடத்தில் விளையாடும்போது நான் சீரியல் பார்ப்பேன். அவன் டிவி பக்கமே திரும்புவதில்லை. இதில் தப்பு உண்டா?
- ஒரு பாட்டி, மயிலாடுதுறை

பதில்: உண்டு அம்மா. பின்னணியில் டிவி ஓடினால் சின்னக் குழந்தைகள் ஒரு விளையாட்டில் நிலைக்கும் நேரம் குறைகிறது, பெரியவர்கள் அவர்களோடு பேசும் பேச்சும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவன் திரும்பாவிட்டாலும் சத்தம் அவனை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சீரியலை அவன் தூங்கும்போது மொபைலிலோ மறுஒளிபரப்பிலோ பாருங்கள். அரை மணி நேரம் தள்ளிப் பார்த்தால் கதை எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: மகனுக்கு 2½ வயது. 'அம்மா', 'பால்' தவிரப் பேச்சு வரவில்லை. பாட்டு வீடியோ போட்டால் பேசிவிடுவான் என்கிறார்கள். எது வாங்கலாம்?
- ஒரு தந்தை, ஓசூர்

பதில்: எதுவும் வாங்காதீர்கள். 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ 'டி.இ.ஐ.சி.' (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் அரசு மையம்) எங்கே என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே இலவசம்.